ஒரே கோட், வேறு விடை: நம்பை 2.0

பைத்தான் மொழியில் எண் கணக்குகளுக்கான நம்பை லைப்ரரியின் 2.0 பதிப்பு வெளிவந்தது 2024 ஜூன் 16 அன்று. 2006இல் 1.0 வந்ததற்குப் பிறகு பதிப்பின் முதல் எண் மாறியது அப்போதுதான். பைத்தானில் கணக்குப் போட்டுப் பிழைக்கிற யாருக்கும் அது சின்ன விஷயம் இல்லை. பாண்டாஸ், சைபை, சைகிட்-லேர்ன் என்று நாம் நம்பியிருக்கும் எல்லா லைப்ரரிகளுக்கும் அடியில் கிடப்பது நம்பைதான். அடித்தளத்தில் கை வைத்தால் மேலே என்னென்ன ஆடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. எந்த பேக்கேஜ் உடைந்தது, எதற்கு எப்போது புதுப் பதிப்பு வரும் என்பதே அந்த மாதங்களில் பேச்சாக இருந்தது. எனக்கோ உடைந்தவை எதுவும் இப்போது நினைவில் உறுத்தவில்லை. உடையாமல், ஒரு எரரும் காட்டாமல் கடைசிவரை ஓடி, வேறு ஒரு விடையைத் தந்த நான்கு வரி லூப் ஒன்றுதான் இன்னமும் உறுத்துகிறது.

உடைந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய நம்பைக்காக கம்பைல் செய்யப்பட்ட, சி மொழியில் எழுதிய நீட்சிகள் புதியதில் ஓடவில்லை. 1.x கொண்டு கம்பைல் செய்த மாட்யூல் 2.0இல் ஓடாது, கிராஷ் ஆகலாம் என்று நீளமான ஒரு செய்தி திரையில் வந்து நிற்கும். நம்பையின் முதன்மைப் பெயர்வெளியில் நூறு பெயர்கள் அளவில் நீக்கப்பட்டோ, இடம் மாற்றப்பட்டோ, கைவிடப்படும் என்று அறிவிக்கப்பட்டோ இருந்தன. பெரிய எழுத்தில் தொடங்கும் 'இன்ஃப்' போனது, 'நேன்' போனது, வாலில் அடிக்கோடு போட்ட 'ஃப்ளோட்_' போனது. இவற்றைத் தேடித் திருத்த, பைத்தான் கோடைச் சோதிக்கும் ரஃப் கருவியில் ஒரு விதியே இருக்கிறது. அதை ஓடவிட்டால் பெரும்பாலானவற்றை அதுவே மாற்றித் தந்துவிடும். எரர் எந்த வரியில் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. எனக்கு இவற்றில் புகார் எதுவும் இல்லை.

அந்த லூப்புக்கு வருகிறேன். ஒரு ஃப்ளோட்32 அரே, அதாவது ஒவ்வொன்றும் 32 பிட்டில் அடங்கும் தசம எண்களின் வரிசை. அதில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு மொத்தத்தோடு கூட்ட வேண்டும். மொத்தம் என்ற மாறி 0.0 என்று பைத்தானின் சாதாரண எண்ணாகத் தொடங்குகிறது. நம்பை அரேயை லூப் போட்டுக் கூட்டக்கூடாது, மொத்தமாகக் கூட்டித் தரும் சம் செயற்கூறு இருக்கிறதே என்பீர்கள். சரிதான். ஆனால் ஒவ்வொரு எண்ணிலும் ஏதோ ஒரு நிபந்தனையைப் பார்த்து, சிலதை விட்டுவிட்டு, சிலதைத் திருத்திக் கூட்ட வேண்டிய இடங்களில் இப்படி எழுதப்பட்ட லூப்புகள் உலகெங்கும் கிடக்கின்றன. பல வருடங்களாகச் சரியாக ஓடியவை அவை. 2.0க்கு மாற்றியதும் இந்த லூப்பின் விடை நகர்ந்திருந்தது. கோடில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. எரர் இல்லை, வார்னிங் இல்லை. பழைய விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு டெஸ்ட் இருந்ததால் மட்டும்தான் தெரியவந்தது.

முதலில் தோன்றியது கோபம்தான். கணக்குப் போடும் லைப்ரரி ஒன்று, பதிப்பு மாறியதற்காக விடையை மாற்றலாமா? அதுவும் புதிய விடை பழையதைவிடத் துல்லியம் குறைந்தது. இதுதான் தாங்கமுடியாததாக இருந்தது. துல்லியம் கூடியிருந்தால் பெருமையாக ஏற்றுக்கொண்டிருப்பேன்.

எவ்வளவு குறையும் என்று பார்க்க மிக எளிய ஒரு சோதனை போதும். 0.1 என்ற எண்ணை ஃப்ளோட்32ஆக ஒரு கோடி முறை நிரப்பிய அரே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் பத்து லட்சம் வர வேண்டும். பழைய நம்பையில் அந்த லூப்பை ஓட்டினால் பத்து லட்சத்தை ஒட்டி, தசமப் புள்ளிக்குப் பிறகு இரண்டாவது இடத்தில்தான் வேறுபாடு தெரியும். 2.0இல் அதே லூப் தருவது 10,87,937. கிட்டத்தட்ட எண்பத்தெட்டாயிரம் அதிகம்.

எங்கிருந்து வந்தது அந்த எண்பத்தெட்டாயிரம்? ஃப்ளோட்32இல் எண்ணின் இலக்கங்களுக்கு இருப்பது 24 பிட். அதாவது தசமக் கணக்கில் ஏறக்குறைய ஏழு இலக்கம். எண் பெரிதாகப் பெரிதாக, அடுத்தடுத்து எழுதக்கூடிய எண்களுக்கு நடுவே இடைவெளியும் பெரிதாகிக்கொண்டே போகும். மொத்தம் 5,24,288ஐத் தாண்டியதும் அந்த இடைவெளி 0.0625 ஆகிவிடுகிறது. அதற்கு மேல் 0.1ஐக் கூட்டச் சொன்னால், சரியாக 0.1 தள்ளி நிற்க அங்கே இடமே இல்லை. பக்கத்தில் இருக்கும் இடம் 0.125 தள்ளி. ஆகவே அந்தப் புள்ளியிலிருந்து நாம் 0.1 என்று நினைத்துக் கூட்டும் ஒவ்வொரு முறையும் உண்மையில் கூடுவது 0.125. கால் பங்கு அதிகம், லட்சக்கணக்கான முறை. அதற்கு முந்தைய படியில், 2,62,144 முதல் 5,24,288 வரை, இதே காரணத்தால் 0.09375 மட்டுமே கூடுகிறது, அங்கே கொஞ்சம் குறைகிறது. எல்லாம் சேர்ந்துதான் அந்த விடை. கணினி பொய் சொல்லவில்லை. 24 பிட்டுக்குள் கணக்குப் போடச் சொன்னால் கணக்கு இப்படித்தான் வரும்.

பழைய நம்பையிலும் எண்கள் ஃப்ளோட்32தானே, அங்கே ஏன் இப்படி ஆகவில்லை என்ற கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் என் கோபம் திசை மாறியது.

அரேக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

பழைய பதிப்பைத் திரும்ப நிறுவி, ஃப்ளோட்32 அரே ஒன்றை எடுத்து, முழு அரேயோடு 0.0ஐக் கூட்டிப் பார்த்தேன். விடையும் ஃப்ளோட்32. அப்புறம் அதே அரேயிலிருந்து முதல் எண்ணை மட்டும் வெளியே எடுத்து, அதே 0.0ஐக் கூட்டினேன். விடை ஃப்ளோட்64, அதாவது இரண்டு மடங்கு அகலமான 64 பிட் எண். அதே எண், அதே கூட்டல், அதே பூச்சியம். அரேக்குள் இருந்தால் ஒரு டைப் (எண் வகை), வெளியே வந்தால் வேறு டைப். இந்த இரண்டு வரி விடைகளையும் திரையில் அடுத்தடுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பழைய லூப் துல்லியமாக இருந்ததற்குக் காரணம் யாரும் 64 பிட் வேண்டும் என்று முடிவெடுத்தது அல்ல. அந்த முடிவு கோடில் எங்கேயும் எழுதப்படவில்லை. எண்ணை ஒவ்வொன்றாக வெளியே எடுத்ததால் நம்பை தன்போக்கில் அகலப்படுத்திக் கொடுத்தது. யாராவது ஒருவர் வேகத்துக்காக அந்த லூப்பை அரேக் கணக்காக மாற்றி எழுதியிருந்தால், விடையின் டைப் அன்றைக்கே, பழைய நம்பையிலேயே, சத்தமில்லாமல் மாறியிருக்கும்.

16777216 என்ற எண்ணை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். இரண்டின் 24ஆவது அடுக்கு அது. ஃப்ளோட்32இல் இதற்கு அடுத்த முழு எண்ணை எழுத முடியாது. பழைய நம்பையில் அரேக்குள் இருக்கும் 16777216உடன் 1ஐக் கூட்டினால் 16777216தான் வரும். வெளியே எடுத்துக் கூட்டினால் 16777217. ஒன்றும் ஒன்றும் எத்தனை என்பது எங்கே நின்று கேட்கிறோம் என்பதைப் பொறுத்திருந்தது. 2.0இல் இரண்டுமே 16777216. கணிதப்படி ஒரு விடை தவறிப்போயிற்று. ஆனால் இரண்டும் ஒரே விடை.

முழு எண்களில் நிலைமை இதைவிட மோசம். எட்டு பிட் யுஇன்ட்8 அரே ஒன்று, அதாவது 0 முதல் 255 வரை மட்டும் கொள்ளும் வகை, பெரும்பாலான படங்களின் பிக்சல்கள் இருக்கும் வகை. பழைய நம்பையில் இதோடு 200ஐக் கூட்டினால் விடை யுஇன்ட்8. 300ஐக் கூட்டினால் விடை யுஇன்ட்16. கூட்டப்படும் எண்ணின் மதிப்பைப் பார்த்து டைப் முடிவானது. அந்த 200ஓ 300ஓ பயனர் தரும் ஓர் அளவாக இருந்தால், நிரலின் நினைவக அளவும், எங்கே எண் சுற்றி வந்து பூச்சியத்தில் தொடங்கும் என்பதும், அந்த நேரத்து உள்ளீட்டைப் பொறுத்தது. டெஸ்ட்டில் சின்ன எண் கொடுத்துச் சரிபார்த்து, வெளியே பெரிய எண் வரும்போது வேறு பாதையில் போகும் கோட். இதைத்தான் இத்தனை வருடம் நம்பகமானது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பழைய விதி முட்டாள்தனத்தால் வந்ததல்ல, அதையும் சொல்ல வேண்டும். நம்பைக்கு முன்பு 1995இல் ஜிம் ஹுகுனின் எழுதிய நியூமெரிக் இருந்தது. பிறகு விண்வெளித் தொலைநோக்கியின் படங்களைக் கையாளும் தேவையில் நம்அரே பிறந்தது. இரண்டாகப் பிரிந்து கிடந்த கூட்டத்தை ஒன்றாகச் சேர்க்க டிராவிஸ் ஓலிஃபண்ட் 2005இல் முனைந்து, 2006இல் நம்பை 1.0ஐக் கொண்டுவந்தார். ஒரு கோடி எண்கள் ஃப்ளோட்32இல் 40 மெகாபைட். அதை இரண்டால் பெருக்கியதும் 80 மெகாபைட்டாக ஊதிவிட்டால் பெரிய படங்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குக் கட்டுப்படியாகாது. பைத்தானின் சாதாரண ஃப்ளோட் 64 பிட் என்பதால், கோடில் 2.0 என்ற எண்ணை எழுதிப் பெருக்கினாலே அரே அகலமாகிவிடும் ஆபத்து இருந்தது. அதைத் தடுக்க ஒரு விலக்கு, விலக்கால் வந்த சிக்கலுக்கு இன்னொரு விலக்கு என்று சேர்ந்ததுதான் அந்த விதி. தேவை நியாயமானது. அதைத் தீர்த்த விதம்தான் எண்ணின் மதிப்பு வரை போய்விட்டது.

புதிய விதி

செபாஸ்டியன் பெர்க் 2021இல் தொடங்கி எழுதிய நெப் 50 என்ற முன்மொழிவு இதைச் சரிசெய்தது. விதி சுருக்கமானது. பைத்தானின் சொந்த எண்கள் பணிந்து போகும். 2, 0.5 என்று நாம் கையால் எழுதுபவை எந்த நம்பை எண்ணோடு சேர்கின்றனவோ அதன் டைப்பை ஏற்றுக்கொள்ளும் (நம்பையின் முழு எண்ணோடு 0.5 போன்ற தசம எண் சேர்வது மட்டும் விலக்கு). நம்பை எண்களோ, தனியாக இருந்தாலும் அரேக்குள் இருந்தாலும், தங்கள் டைப்பை விட்டுக்கொடுக்காது. மதிப்பைப் பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. ஜாக்ஸ் லைப்ரரியில் ஏற்கெனவே இதைப் போன்ற ஓர் ஏற்பாடு இருந்தது. நம்பை 2.0இல் யுஇன்ட்8உடன் 300ஐக் கூட்டச் சொன்னால், 300 அந்த வகைக்குள் அடங்காது என்று எரர் போட்டு நின்றுவிடும். நின்றால் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் இந்த விதி இரண்டு பக்கமும் வெட்டும் என்பதைப் பலர் கவனிக்கவில்லை. என் லூப்பில் துல்லியம் குறைந்தது. வேறு இடங்களில் துல்லியம் கூடி, நினைவகம் இரட்டிப்பாகும். ஃப்ளோட்32 அரே ஒன்றை இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். நம்பையின் வர்க்கமூலச் செயற்கூறைக் கூப்பிட்டால் அது தருவது நம்பையின் ஃப்ளோட்64. அது இப்போது விட்டுக்கொடுக்காது, ஆகவே முழு அரேயும் 64 பிட்டாகிறது. பழைய பதிப்பில் 32ஆகவே இருந்திருக்கும். பைத்தானின் மேத் மாட்யூலிலிருந்து அதே வர்க்கமூலத்தை எடுத்தால் கிடைப்பது பைத்தான் எண். அது பணிந்து போகும், அரே 32ஆகவே நிற்கும். இரண்டிலும் எண் 1.4142135623730951தான். யாருடைய எண் என்பதுதான் வேறு.

இங்கே வந்தபோதுதான், 2.0இல் எல்லோரும் அசிங்கம் என்று சொன்ன ஒரு மாற்றம் எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. இப்போது தனி எண் ஒன்றை ஊடாடும் திரையில் பார்த்தால் வெறும் 1.414 என்று வராது. என்பி.ஃப்ளோட்64 என்று முன்னால் போட்டு, அடைப்புக்குறிக்குள் எண் வரும். ஒரு லிஸ்ட்டில் பத்து எண்கள் இருந்தால் பத்து முறையும் அந்த அடைமொழி. கோடோடு சேர்த்து எழுதப்பட்ட எடுத்துக்காட்டு டெஸ்ட்டுகள் பல இதனால் உடைந்தன, பார்க்கவும் கண்ணுக்கு நெருடல். ஆனால் விடை யாருடைய எண் என்பதைப் பொறுத்து மாறும் என்றால், அதை மறைத்துக் காட்டுவது அநியாயம். பழைய திரையில் பைத்தானின் 1.5க்கும் நம்பையின் ஃப்ளோட்32 1.5க்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. இந்த நெருடலோடு வாழ்ந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சொல்லப்போனால், பிழை தேடும்போது இப்போது நான் முதலில் பார்ப்பதே அந்த அடைமொழியைத்தான்.

விண்டோஸ் விஷயமும் இதே குடும்பம்தான். நம்பையின் இயல்பான முழு எண் சி மொழியின் லாங் வகையைப் பின்பற்றி வந்தது. 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் அது 64 பிட், விண்டோஸில் மட்டும் 32. ஓர் அரேயில் 50000 என்ற எண்ணை வைத்து வர்க்கம் கண்டால் லினக்ஸில் 2500000000 வரும். அதே கோட் விண்டோஸில் −1794967296 தந்தது. எரர் கிடையாது. ஒரு நேர் எண்ணின் வர்க்கம் எதிர்மறை! 2.0 முதல் 64 பிட் விண்டோஸிலும் 64 பிட்தான். விடை மாறுகிறது என்ற புகார் இதற்கும் பொருந்தும். ஆனால் இந்த மாற்றத்தை எதிர்த்து யாராவது வாதாடுவார்களா என்ன? பழைய விடையைக் காப்பாற்றுவது என்பதை ஒரு கொள்கையாக எடுத்துக்கொண்டால் இந்த எதிர்மறை வர்க்கத்தையும் காப்பாற்ற வேண்டும். அந்தக் கொள்கை எனக்குள் கலைந்துபோனது இப்படித்தான்.

இதனால் 2.0 செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. இடம்பெயர்வு வழிகாட்டியில் இந்த டைப் மாற்றத்தைத்தான் முதலில் வைத்து, ஒத்திசைவைப் பாதிக்கும் மிகப் பெரிய மாற்றம் என்றே எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆனால் பெயர்களை மாற்ற ரஃப் இருந்தது. எண்கள் எங்கே மாறும் என்று காட்ட, பழைய பதிப்பில் ஒரு சூழல் மாறியை அமைத்து வார்னிங்குகளை வரவழைக்கும் வசதி இருந்தது. அதை நான் அறிந்தது விடை மாறிய பிறகுதான், அறிந்தவர்களும் அதன் வார்னிங் வெள்ளத்தில் தத்தளித்தார்கள். டெஸ்ட் எழுதும் பழக்கம் உள்ள குழுக்கள் தப்பித்துக்கொள்ளும். கட்டுரைக்காக ஒரே ஒரு முறை ஓட்டப்பட்டு, பல வருடம் கழித்து வேறொரு மாணவர் திரும்ப ஓட்டும் கோடுக்கு டெஸ்ட் இருக்காது. அந்த மாணவருக்கு இரண்டு விடைகள் கிடைக்கும், எதை நம்புவது என்று தெரியாது. என் மனம் இன்னும் ஆறாத இடம் இதுதான்.

நம்பை குழுவைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. 2.0 என்பது 212 பேர், 1078 இழு கோரிக்கைகள் (கோட் மாற்றப் பரிந்துரைகள்), பதினொரு மாத வேலை. உலகமே சாய்ந்து நிற்கும் இந்த லைப்ரரிக்கு முதன்முதலாக மூர் அறக்கட்டளையிடமிருந்து நிதி கிடைத்தது 2017இல்தான். அதுவரை பெரும்பகுதி தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தில் நடந்தது. பதினெட்டு வருடம் எல்லோரும் தொடப் பயந்த ஒரு விதியைத் தொட்டார்கள். தொடாமலே விட்டிருந்தால் அவர்களை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

லூப்பைத் திருத்துவது எளிதாக முடிந்தது. மொத்தத்தை 0.0 என்று தொடங்காமல் நம்பையின் ஃப்ளோட்64 பூச்சியமாகத் தொடங்கினேன். அது விட்டுக்கொடுக்காது, கூட்டலெல்லாம் 64 பிட்டில் நடக்கும், பழைய நம்பையிலும் புதியதிலும் ஒரே விடை. லூப் தேவைப்படாத இடங்களில் சம் செயற்கூறிடம் டைப்பைச் சொல்லிக் கூட்டச் சொன்னேன். சம் எண்களைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கூட்டிப் பிறகு கூறுகளைச் சேர்ப்பதால், அந்த ஒரு கோடி 0.1களை ஃப்ளோட்32இலேயே கூட்டினாலும் பத்து லட்சத்தை ஒட்டியே வருகிறது. இப்போது கோடைப் படிக்கிற யாருக்கும் 64 பிட் வேண்டும் என்று நாங்கள் தீர்மானித்தது கண்ணில் படும்.

ஆனால் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 2.0இல் யுஇன்ட்8 எண் ஒன்றைத் தனியாக எடுத்து, அது 200 என்றால், 100ஐக் கூட்டினால் விடை 44. எண் சுற்றி வந்துவிட்டது என்று ஒரு வார்னிங்கும் கூடவே வரும். நல்லது. அதே 200 அரேக்குள் இருக்கும்போது 100ஐக் கூட்டினால் விடை அதே 44, வார்னிங் கிடையாது. ஒவ்வொரு உறுப்பிலும் சோதித்தால் வேகம் போய்விடும் என்பது காரணம், அது எனக்குப் புரிகிறது. விடையில் இருந்த உள்ளே, வெளியே வித்தியாசத்தை எடுத்துவிட்டு எச்சரிக்கையில் மட்டும் அதை மிச்சம் வைத்திருக்கிறார்கள். டெஸ்ட் ஓட்டும்போதாவது இயக்கிக்கொள்ளும்படி, வேகத்தைப் பொருட்படுத்தாத ஒரு சோதனை முறை முழு எண் அரேக்களுக்கும் வேண்டும் என்பது என் ஆசை. மெதுவாக ஓடட்டும், பரவாயில்லை.